புகையும் பாட்டும்: அயலுலக அறிவுயிர்த் தொடர்பு குறித்த தமிழ்க் கற்பனை – நெய்வேலி நிலப்பின்னணியில் ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அயலுலகில் அறிவுடைய உயிர்கள் உண்டா, உண்டெனில் அவற்றோடு மனிதர் தொடர்புகொள்ள இயலுமா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அறிவியல் வினாவாக வடிவம் பெற்றது. தமிழின் இலக்கண, சமய, திரைப் பனுவல்கள் இவ்வினாவை எதிர்கொண்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மரபியல், திருவண்டப்பகுதி, வள்ளலாரின் சீவகாருணிய ஒழுக்கம், ‘கலை அரசி’ (1963), ‘அயலான்’ (2024) ஆகியன முதன்மைத் தரவுகள். தில்லை, வடலூர், நெய்வேலி ஆகிய மூன்றையும் தன்னகத்தே கொண்ட கடலூர் மாவட்டம் ஆய்வுக் களமாகக் கொள்ளப்படுகிறது. உலகங்கள் பல என்று பேசிய மரபு, அவ்வுலகங்களோடு தொடர்புகொள்வதைப் பற்றிப் பேசிய மரபு ஆகாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: அயலுலக அறிவுயிர், ஆறறிவு, திருவண்டப்பகுதி, வள்ளலார், கலை அரசி, அயலான், நெய்வேலி, டிரேக் சமன்பாடு.

முன்னுரை

1962ஆம் ஆண்டில் நெய்வேலியில் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு அமைக்கப்பட்ட முதல் அனல் மின்நிலையம் மின்னாக்கத்தைத் தொடங்கியது. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆர்., பி. பானுமதி நடித்த ‘கலை அரசி’ வெளிவந்தது. வேற்றுக்கோளினர் பூமிக்கு வரும் கதையை இந்தியத் திரையில் முதலில் சொன்ன படங்களுள் அது ஒன்று. 1964இல் சோவியத் வானியலர் நிக்கோலாய் கார்டசேவ், அயலுலக நாகரிகங்களை அவை கையாளும் ஆற்றலின் அளவைக் கொண்டு மூவகைப்படுத்தினார். ஒரு கோள் அளவிலான ஆற்றல், ஒரு விண்மீனின் முழு ஆற்றல், ஒரு விண்மீன் மண்டலத்தின் முழு ஆற்றல் என்பன அவ்வகைகள்.

இம்மூன்று நிகழ்வுகளுக்கும் இடையே நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் மூன்றும் ஒரே காலத்தின் நம்பிக்கையிலிருந்து பிறந்தவை. ஆற்றலைப் பெருக்குவதே நாகரிகத்தின் அளவுகோல் என்பது அந்நம்பிக்கை. நெய்வேலி அதனைத் தன் மண்ணில் எழுதிப் பார்த்தது. கார்டசேவ் அதனை விண்மீன்களுக்கு நீட்டினார். ‘கலை அரசி’ மட்டும் அதற்கு மாறான ஒன்றைச் சொன்னது. அது பின்னர் விளக்கப்படும்.

அயலுலக உயிர் குறித்துத் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு வாய்பாடு வழக்கமாகிவிட்டது. மேலைநாட்டார் இன்று கண்டதைத் தமிழர் அன்றே கண்டனர் என்று தொடங்கி, திருவாசகத்திலிருந்து ஓரிரு அடிகளைக் காட்டி, அறிவியல் செய்தியொன்றை அருகில் வைத்து முடிப்பதே அவ்வாய்பாடு. இதனால் பனுவலும் விளங்குவதில்லை, அறிவியலும் விளங்குவதில்லை.

தொடர்பின் நிகழ்தகவு

1959இல் கியூசெப்பே கொக்கோனியும் பிலிப் மாரிசனும் விண்மீன்களுக்கு இடையே வானொலி அலைகளால் செய்தி அனுப்ப இயலும் என்று எழுதினர். 1960இல் ஃபிராங்க் டிரேக் இரு அண்மை விண்மீன்களை நோக்கி வானொலித் தொலைநோக்கியைத் திருப்பிக் காத்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் முன்வைத்த சமன்பாடு ஏழு காரணிகளின் பெருக்கம் ஆகும். விண்மீன்கள் தோன்றும் வேகம், அவற்றுள் கோள்களுடையவற்றின் விகிதம், உயிருக்கு ஏற்ற கோள்களின் எண்ணிக்கை, உயிர் தோன்றும் விகிதம், அறிவு தோன்றும் விகிதம், செய்தி அனுப்பும் திறன் தோன்றும் விகிதம், அத்தகைய நாகரிகம் நீடிக்கும் காலம் என்பன அவை.

முதல் இரண்டு காரணிகள் இன்று ஓரளவு அளக்கப்பட்டுவிட்டன. 1995இல் கதிரவனை ஒத்த விண்மீன் ஒன்றைச் சுற்றும் புறக்கோள் கண்டறியப்பட்டது. இன்று உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை ஆறாயிரத்தை எட்டியுள்ளது. மற்றவை பெரும்பாலும் ஊகம். அவ்வூகங்களின் தெளிவின்மையை அப்படியே கணக்கில் கொண்டு 2018இல் சாண்ட்பெர்க், டிரெக்ஸ்லர், ஓர்டு ஆகிய மூவரும் செய்த கணிப்பு, பால்வீதியில் மனிதர் தனித்திருப்பதற்கான வாய்ப்பை 53 முதல் 99.6 விழுக்காடு வரை என்று தந்தது. இவ்வளவு அகன்ற இடைவெளியே இத்துறையின் உண்மை நிலையைக் காட்டுகிறது.

நம்பிக்கை மிகுந்த எண் ஒன்றையே எடுத்துக்கொண்டாலும் தொடர்பு எளிதாகிவிடாது. பால்வீதியில் பத்தாயிரம் நாகரிகங்கள் இன்று இருப்பதாகக் கொள்வோம். ஏறத்தாழ ஒரு இலட்சம் ஒளியாண்டு குறுக்களவுள்ள தட்டில் அவற்றைச் சீராகப் பரப்பினால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைத்தொலைவு சற்றேறக்குறைய தொள்ளாயிரம் ஒளியாண்டு ஆகும். ஒரு வினாவும் அதற்கு ஒரு விடையும் சென்று சேர ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் வேண்டும். சங்ககாலப் புலவர் ஒருவர் விடுத்த செய்திக்கு இப்போதுதான் மறுமொழி வரும். அதுவரை அனுப்பியவர் மரபும் கேட்டவர் மரபும் அழியாமல் இருக்க வேண்டும். ஆகவே ஏழாம் காரணியான நாகரிகத்தின் ஆயுளே தொடர்பின் வாய்ப்பை முடிவு செய்கிறது எனலாம்.

ஆறறிவும் அண்டமும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுக்கிறது. உற்றறிதலில் தொடங்கி, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி எனப் படிப்படியாக ஏறி, ஆறாவதாக மனத்தில் முடியும் பகுப்பு அது. மக்களை ஆறறிவுயிர் என்று சொன்ன ஆசிரியர் அத்தோடு நிறுத்தவில்லை. அக்கிளையில் பிறந்த பிறவும் உண்டு என்று ஓர் இடத்தைத் திறந்து வைத்தார். உரையாசிரியர்கள் அவ்விடத்தைத் தேவர், தானவர் முதலியோரைக் கொண்டு நிரப்பினர். மனவுணர்வு உடைய விலங்குகள் சிலவற்றுக்கும் அங்கே இடம் உண்டு என்னும் விளக்கமும் உரைமரபில் உள்ளது.

இந்நூற்பா அயலுலக உயிர் குறித்த கட்டுரைகளில் மேற்கோளாக வருவது அரிது. ஆனால் திருவாசக அடிகளை விட இதுவே இவ்வினாவுக்கு நெருக்கமானது. காரணம், அது எண்ணிக்கையைப் பேசாமல் வரையறையைப் பேசுகிறது. அறிவுயிர் என்பதற்கு மனித வடிவம் தேவையில்லை, மனம் இருந்தால் போதும் என்பது அவ்வரையறையின் உட்கிடை. இதனை இன்றைய தேடலோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். வானொலித் தொலைநோக்கியால் தேடும் அறிவியலர் தேடுவது மனத்தை அன்று. அலைபரப்பும் கருவி செய்யத் தெரிந்த மனத்தை மட்டுமே. முதுமலையின் யானை உரையாசிரியரின் ஆறறிவுக்குள் நுழையக்கூடும். டிரேக்கின் ஆறாவது காரணியில் அது தோற்றுவிடும். ஆக, தமிழ் இலக்கணத்தின் அறிவு என்ற சொல்லையும் அயலுலகத் தேடலின் அறிவு என்ற சொல்லையும் ஒன்றெனக் கொண்டு எழுதுவது தொடக்கத்திலேயே பிழைபடுகிறது.

திருவாசகத்தின் மூன்றாம் பகுதியான திருவண்டப்பகுதி 182 அடிகளாலான அகவல். தில்லையில் அருளப்பட்டது என்பது மரபு. அதன் தொடக்க அடிகள் அண்டங்களை உருண்டைகளாகக் காண்கின்றன. அவை நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்தன என்கின்றன. வீட்டுக்குள் நுழையும் கதிரொளியில் மிதக்கும் நுண்துகள்களைப் போல அவ்வளவு அண்டங்களும் சிறுத்துப்போகும்படி பெரியவன் இறைவன் என்று தொடர்கின்றன. உருண்டை, கோடி, துகள் ஆகிய மூன்று சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு இது நவீன அண்டவியல் என்று கூறுவோர், அவ்வாக்கியம் எங்கே சென்று முடிகிறது என்பதைப் பார்ப்பதில்லை. அண்டங்களின் பெருக்கம் அங்கே எழுவாய் அன்று. ஒப்புமையின் ஒரு தட்டு. மற்றொரு தட்டில் இறைவன் இருக்கிறான். அண்டங்கள் எத்தனை மிகுகின்றனவோ அத்தனைக்கு இறைவனின் பெருமை மிகும். அதுவே அவ்வெண்ணிக்கையின் பயன். அவ்வண்டங்களில் யார் வாழ்கின்றனர், அவர்கள் நம்மோடு பேசுவார்களா என்ற வினா அப்பனுவலுக்குத் தேவையே இல்லை.

சைவ மரபில் உலகங்களுக்கிடையே போக்குவரத்து இல்லாமல் இல்லை. புல்லாகவும் புழுவாகவும் மனிதராகவும் தேவராகவும் பிறந்து இளைக்கும் உயிரின் பயணத்தைச் சிவபுராணம் நிரல்படுத்துகிறது. ஆனால் அப்பயணம் மேலும் கீழுமாக நிகழ்வது, பிறவியால் நிகழ்வது. ஓர் உலகத்தார் மற்றோர் உலகத்தாருக்குச் செய்தி விடுப்பது என்ற கிடைநிலைத் தொடர்பு அதில் இல்லை. தேவருலகத்தை அறிய அலை வேண்டாம், வினை போதும். எனவே பல உலகக் கொள்கை இவ்வளவு செழித்திருந்தும் அயலுலகத் தொடர்பு என்பது தமிழில் ஒரு சிக்கலாக எழாமல் போனதில் வியப்பில்லை. இதை மரபின் குறையாகக் கொள்ள வேண்டியதுமில்லை. அது வேறு வினாவுக்கு விடை தேடிய மரபு.

தில்லைக்கு அருகிலுள்ள மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள் இம்மரபின் உள்ளிருந்தே ஒரு திருப்பத்தை நிகழ்த்தினார். 1872இல் இயற்றப்பட்ட அருட்பெருஞ்சோதி அகவல் 1596 அடிகளில் நிலம், நீர், தீ முதலியவற்றிலும் அண்டங்களிலும் சோதி அமைத்தவற்றை அடுக்கிச் செல்கிறது. திருவண்டப்பகுதியின் அகவல் மரபு இங்கே பன்மடங்கு நீள்கிறது. ஆனால் வள்ளலாரின் புதுமை அகவலை விடச் சீவகாருணிய ஒழுக்கம் என்ற உரைநடையில் தெளிவாகத் தெரிகிறது. எல்லா உயிர்களும் ஒரே இயற்கையின. ஒரே கடவுளால் ஆக்கப்பட்டன. ஆகவே உடன்பிறப்பு உரிமை உடையன. ஓர் உயிர் துன்புறக் கண்டால் மற்றோர் உயிர் உருகுவது அவ்வுரிமையால் நிகழ்வது. அத்துன்பங்களுள் தலையானது பசி என்று அவர் வாதிடுகிறார். அண்டங்கள் பலவற்றைப் பாடிய அதே ஆசிரியர் 1867இல் வடலூரில் அடுப்பு மூட்டினார் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதனால் வள்ளலாரிடத்தில் உறவுக்குத் தகுதி தருவது அறிவு அன்று, பசி. அயலுலகத் தேடல் அறிவையும் ஆற்றலையும் அளவுகோலாகக் கொண்டது. வடலூர் அவ்விரண்டையும் கேளாமல் உறவைக் கொடுத்தது. அயலுயிர் ஒன்று நாளை கண்டறியப்பட்டால், அது பெரும்பாலும் நுண்ணுயிராகவே இருக்கும் என்று அறிவியலர் பலர் கருதுகின்றனர். செய்தி அனுப்பாத, கருவி செய்யாத அவ்வுயிரிடம் மனிதர்க்கு என்ன கடமை என்ற வினாவுக்கு டிரேக்கின் சமன்பாட்டில் விடை இல்லை. சீவகாருணிய ஒழுக்கத்தில் விடைக்கான ஒரு தொடக்கம் உண்டு. மரபுக்கும் இவ்வினாவுக்கும் உண்மையான உரையாடல் இங்கேதான் தொடங்க முடியும்.

ஓர் எச்சரிக்கை இவ்விடத்தில் பொருந்தும். வடலூர்ச் சத்திய ஞான சபையில் ஏழு திரைகளை நீக்கிச் சோதி காட்டப்படுகிறது. டிரேக்கின் சமன்பாட்டிலும் காரணிகள் ஏழு. இவ்வெண் ஒற்றுமையைக் கொண்டு ஒரு முழுநூல் எழுத ஆள் கிடைக்கும். அத்தகைய நூலிலிருந்து வள்ளலாரைக் காப்பதும் திறனாய்வின் பணியே.

பொற்தட்டில் இல்லாத தமிழ்

1977இல் ஏவப்பட்ட இரு வாயேஜர் விண்கலங்களிலும் பொன்முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்று பொருத்தப்பட்டது. கார்ல் சேகன் தலைமையிலான குழு தொகுத்த அத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துகள், ஏறத்தாழ 90 நிமிட இசை, பூமியின் ஒலிகள், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. இந்தி, வங்கம், பஞ்சாபி, உருது, மராத்தி, குசராத்தி, ஒடியா, இராசத்தானி, தெலுங்கு, கன்னடம், சிங்களம் ஆகியன ஒலிக்கின்றன. வழக்கொழிந்த சுமேரியம், அக்காடியம், இட்டைட்டு ஆகியனவும் ஒலிக்கின்றன. தமிழ் இல்லை. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர். கன்னடம் பேசுவோரை விட மிகுதி. மலையாளமும் இல்லை என்பது ஆறுதல் ஆகாது.

இது தமிழ் உணர்வாளர்க்கு வருத்தம் தரக்கூடிய செய்தி. ஆயினும் அவ்வருத்தத்தின் இயல்பைப் பிரித்தறிய வேண்டும். வாழ்த்துகள் பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்து குறுகிய காலத்தில் பதிவு செய்யப்பட்டன. மொழிகளின் தொன்மையை நிறுத்துப் பார்த்த அவையன்று அது; கையெட்டும் தொலைவில் கிடைத்த குரல்களின் தொகுப்பு என்பதே பொருத்தம். வாயேஜர் 1 ஏறத்தாழ நாற்பதாயிரம் ஆண்டுகளுக்குப் பின் கிளீஸ் 445 என்ற விண்மீனை 1.6 ஒளியாண்டுத் தொலைவில் கடக்கும். அப்போது அதனை எடுத்துக் கேட்பவர் எவராயினும் அவருக்குத் தெலுங்கும் சுமேரியமும் ஒன்றே. அத்தட்டு அயலுலகத்தாருக்கு எழுதப்பட்டதாயினும் அதைப் படிப்பவர்கள் மனிதர்களே. எனவே தமிழின் இன்மையால் அண்டத்துக்கு இழப்பு இல்லை. மனிதகுலம் தன்னைப் பற்றி வரைந்துகொண்ட படத்தில் ஒரு குறை நேர்ந்துள்ளது. இவ்விரண்டையும் குழப்பினால் முறையீடு நகைப்புக்கு இடமாகிவிடும்.

தமிழ் சேர்க்கப்பட்டிருப்பின் எது பொருந்தியிருக்கும் என்று எண்ணும்போது புறநானூற்றின் 192ஆம் பாடல் எவர்க்கும் முதலில் நினைவுக்கு வரும். அதன் முதலடி பொதுமேடைகளில் வாழ்த்தாகவே வழங்குகிறது. பாடலின் நடுப்பகுதி அத்துணை அறியப்படவில்லை. மலையிலிருந்து பாய்ந்து பாறையில் மோதி ஒலிக்கும் பேராற்றின் நீர்வழியே செல்லும் புணையை அங்கே கணியன் பூங்குன்றனார் உயிருக்கு உவமையாக்குகிறார். ஆக்கிய கைகளை விட்டு அகன்று, செலுத்துவார் எவருமின்றி விண்வெளியில் மிதந்து செல்லப்போகும் கலத்துக்கு, உலகனைத்தும் உறவு என்ற முழக்கத்தை விட அப்புணையே நெருங்கிய உருவகம்.

கலை அரசி: பாட்டுக்காக வந்தவர்கள்

வாயேஜர் தட்டில் வாழ்த்துகளை விடப் பல மடங்கு நேரம் இசைக்குக் கொடுக்கப்பட்டது. கேசர்பாய் கேர்க்கரின் குரல் இந்தியாவின் சார்பில் அதில் ஒலிக்கிறது. மொழி புரியாவிடினும் இசை புரியக்கூடும் என்ற ஊகம் அதன் அடிப்படை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே ‘கலை அரசி’ அதே ஊகத்தைக் கதையாக்கிவிட்டது. வேற்றுக்கோளினர் அறிவியலில் மேம்பட்டவர்கள், கலையில் வறியவர்கள். தம் கோளுக்கு இசை கற்பிக்கப் பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கவர்ந்து செல்கின்றனர். எம்.என். நம்பியார் ஏற்ற தின்னா என்ற வேற்றுக்கோள் பாத்திரமும், பானுமதி ஏற்ற வாணி என்ற பாடகியும், அவளை மீட்கச் செல்லும் நாயகனும் கதையை நடத்துகின்றனர்.

வடிவத்தில் இது அரசகுமாரியைக் கவர்ந்து செல்லும் மாயாசாலக் கதையே. அரக்கனின் இடத்தில் வேற்றுக்கோளினன், பறக்கும் கம்பளத்தின் இடத்தில் பறக்கும் தட்டு. கோளின் அரண்மனையும் உடைகளும் நாடக மேடையிலிருந்து இறங்கியவை. அங்குள்ளோர் தமிழ் பேசுகின்றனர். அதற்குக் காரணம் கேட்பது அக்காலத் திரையின் மரபுக்கு ஒவ்வாது. இக்குறைகளைப் பட்டியலிட்டு நகைப்பது எளிது. இணையத்தில் அது தாராளமாக நடக்கிறது.

ஆனால் படத்தின் அடிப்படைக் கருத்து நகைப்புக்குரியதன்று. நாகரிகத்தை ஆற்றலால் அளந்த காலத்தில், ஆற்றலில் முதிர்ந்த ஒரு நாகரிகம் பாட்டின்மையால் வறுமையுறும் என்று ஒரு வணிகப்படம் சொல்லியது. அயலுலகத்தார் பூமிக்கு வருவதற்குப் பொன்னையோ நீரையோ அடிமைகளையோ காரணமாக்கும் கதைகள் உலகெங்கும் மிகுதி. அத்தகைய பொருள்கள் விண்வெளியில் எங்கும் கிடைக்கக்கூடியவை; அவற்றுக்காக ஒளியாண்டுகளைக் கடப்பது அறிவுடைமை ஆகாது. ஒரு கோளில் மட்டுமே கிடைத்து வேறெங்கும் கிடைக்காத ஒன்று உண்டெனில் அது அக்கோளின் உயிர்களும் அவை உண்டாக்கியவையும்தாம். அவ்வகையில் ‘கலை அரசி’யின் கதைக்காரணம், அதன் பின் வந்த பல அயல்நாட்டுப் படங்களின் காரணத்தை விடத் தருக்கத்துக்கு ஒத்தது.

அயலான்: தோண்டுவதை நிறுத்த வந்தவன்

‘கலை அரசி’க்குப் பின் தமிழ்த் திரை இக்கருவுக்கு நெடுங்காலம் திரும்பவில்லை. எழுத்தில் சுஜாதா அறிவியல் புனைகதையைப் பெருந்திரள் வாசகரிடம் கொண்டு சென்றார். ஆயினும் அவருடைய நிலைத்த வெற்றி ‘என் இனிய இயந்திரா’வின் எந்திர நாய் ஜீனோவில் உள்ளது, அயலுலக உயிரில் இல்லை. மின்னணுப் பொறியியலில் பணியாற்றிய அவருக்கு எந்திரமே இயல்பான அயலான் போலும்.

2024 சனவரியில் பொங்கலையொட்டி வெளிவந்த ஆர். இரவிக்குமாரின் ‘அயலான்’ இடைவெளியை நிரப்பியது. வேற்றுக்கோளிலிருந்து விழுந்த அரிய கனிமம் ஒன்றைக் கைப்பற்றிய பெருநிறுவனத் தலைவன், அதைக் கொண்டு பூமியை ஆழத் துளைத்துப் புதுவகை எரிவாயுவை எடுக்க முனைகிறான். அக்கனிமத்தை மீட்டுப் பேரழிவைத் தடுக்க அயலுலக உயிர் ஒன்று வருகிறது. பூம்பாறையிலிருந்து சென்னைக்கு வந்த உழவன் அதற்குத் துணையாகிறான். அவன் பெயர் தமிழ். அயலுலகத்தார் பூமியில் முதலில் சந்திப்பது தமிழை என்னும்படி அமைந்த இப்பெயர், பொற்தட்டில் விடுபட்டதற்குத் திரை தேடிக்கொண்ட ஈடு என்றும் படிக்கலாம்.

படத்தின் வலிமை அதன் அச்சத்தில் உள்ளது. ‘கலை அரசி’ வெளிவந்தபோது நிலத்தைத் தோண்டுவது நாட்டின் வளர்ச்சியாக இருந்தது. ‘அயலான்’ வெளிவந்தபோது அது பேரழிவின் தொடக்கமாக மாறியிருந்தது. அறுபது ஆண்டுகளில் அயலுலகத்தார் வரும் காரணம் பாட்டிலிருந்து துளைக்கருவிக்கு மாறியது. இம்மாற்றத்தை விளக்க அயல்நாட்டுப் படங்களின் தாக்கம் மட்டும் போதாது. தமிழகம் இக்காலத்தில் தன் நிலத்தோடு கொண்ட உறவு மாறியதும் காரணம்.

படத்தின் குறையும் அங்கேயே உள்ளது. தோண்டுவதன் தீமை முழுவதும் ஒரு வில்லனின் பேராசையில் ஏற்றப்படுகிறது. அவன் வீழ்ந்தவுடன் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. தோண்டி எடுத்த எரிபொருளால் எரியும் விளக்கின் கீழ் அமர்ந்து படம் பார்ப்பவருக்கு அதில் பங்கு இல்லை என்ற ஆறுதலைப் படம் தருகிறது. நெய்வேலியின் வரலாறு அவ்வாறுதலை மறுக்கும்.

நெய்வேலி அனுப்பும் செய்தி

1930களின் நடுவில் சம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருளிலிருந்து நெய்வேலியின் கதை தொடங்குவதாகச் சொல்லப்படுகிறது. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் ஊற்று நீரை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காது. ஒரு டன் நிலக்கரிக்குப் பல டன் நீர் இறைக்கப்படுகிறது. ஊர்கள் இடம்பெயர்ந்தன, வட்டங்களாகப் பகுக்கப்பட்ட, மரங்கள் அடர்ந்த நகரியம் எழுந்தது. தமிழகத்துக்கு மின்சாரம் வந்தது. இதில் வில்லன் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. பயன்பெற்றோரையும் நிலம் இழந்தோரையும் எதிரெதிரே நிறுத்துவதும் எளிதன்று. நிலம் கொடுத்த குடும்பங்களே அந்நிறுவனத்தில் வேலையும் தேடின.

அயலுலகத் தொடர்பு குறித்த அண்மை ஆய்வுகள் நெய்வேலியை எதிர்பாராத வகையில் மையத்துக்குக் கொண்டு வருகின்றன. 2021இல் இரவி கொப்பரப்பு உள்ளிட்ட ஆய்வாளர்கள், அயற்கோள்களின் வளிமண்டலத்தில் நைட்ரசன் ஈராக்சைடைத் தேடலாம் என்று முன்மொழிந்தனர். பூமியில் அவ்வளிமத்தின் பெரும்பகுதி எரிபொருளை எரிப்பதால் உண்டாவது. ஆகவே அயற்கோளில் அது மிகுந்திருப்பின் தொழில்நாகரிகத்தின் அடையாளமாகக் கொள்ளலாம். கதிரவனை ஒத்த விண்மீனைச் சுற்றும் பூமியை ஒத்த கோள் ஒன்று ஏறத்தாழ 33 ஒளியாண்டுத் தொலைவில் இருந்து, அதன் வளிமண்டலத்தில் இன்றைய பூமியின் அளவு அவ்வளிமம் இருந்தால், எதிர்காலப் பெருந்தொலைநோக்கி ஒன்றுக்கு அதனைக் கண்டறிய 400 மணி நேர நோக்கு தேவைப்படலாம் என்பது அவர்தம் கணிப்பு. இதனை மறுபுறமிருந்து பார்த்தால், அங்கிருந்து இங்கே நோக்குவோர் எவரேனும் இருப்பின் அவர்கள் காணக்கூடியது வாழ்த்தை அன்று, இசையை அன்று, புகைபோக்கியின் வளிமத்தை. ஐம்பத்தைந்து மொழிகளில் தமிழ் இல்லை. இச்செய்தியில் நெய்வேலிக்குப் பங்கு உண்டு.

முதல் அனல் மின்நிலையம் 2020இல் மூடப்பட்டது. 1962 முதல் கணக்கிட்டால் அதன் ஆயுள் 58 ஆண்டுகள். ஒளியின் வேகத்தில் செல்லும் செய்தி அக்காலத்துக்குள் சென்று மறுமொழி திரும்ப வேண்டுமாயின், 29 ஒளியாண்டுக்குள் உள்ள விண்மீன்களோடு மட்டுமே அது நிகழ்ந்திருக்கும். பால்வீதியின் அளவில் அது அடுத்த வீடு கூட அன்று. அதே வீட்டின் திண்ணை. நெய்வேலியின் நிலக்கரி ஆக இரண்டு கோடி ஆண்டுகள் ஆகியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது; திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் ஏறத்தாழ அக்காலத்தன. இரண்டு கோடி ஆண்டுகளின் காட்டை எரித்துப் பெற்ற குரல் ஒரு தலைமுறைக்குச் சற்று மேல் மட்டுமே ஒலித்தது. டிரேக்கின் ஏழாம் காரணியைத் தமிழ் வாசகர்க்கு விளக்க இதைவிட அண்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கேட்கும் கருவியும் தமிழ்நிலத்தில் இல்லாமல் இல்லை. உதகைக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970இல் நிறைவுற்ற வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாக அமையும்படி, அவ்விடத்தின் நிலநேர்க்கோட்டுக்கு ஒத்த ஏறத்தாழ 11 பாகைச் சரிவுள்ள மலைப்பகுதியைத் தேர்ந்து அதை எழுப்பினர். அயலுலகக் குரலுக்காக அது கட்டப்படவில்லை. தொலைதூர வானொலி மூலங்களை ஆராயக் கட்டப்பட்டது. அத்தொலைநோக்கியைப் பற்றித் தமிழில் ஒரு புனைகதையோ விரிவான திறனாய்வோ பரவலாக அறியப்படவில்லை. திருவண்டப்பகுதியில் தொலைநோக்கியைத் தேடுவோர் உதகைச் சரிவில் நிற்பதைக் காணாமல் விடுவது இத்துறைத் தமிழ் எழுத்தின் இன்றைய நிலை.

வடலூரின் அடுப்பும் நெய்வேலியின் உலைகளும் ஒரே மாவட்டத்தில் எரிகின்றன. கார்டசேவின் அளவுகோலில் முன்னது பதிவாகாது. கொப்பரப்பு முன்மொழியும் தேடலிலும் அது தனியே தெரியாது. பின்னதன் வளிமம் மட்டும் வெளியே தெரியும். ‘கலை அரசி’யின் வேற்றுக்கோளினர் அவ்வளிமத்தைக் கண்டு வந்து பாட்டைக் கேட்டனர் என்று கதையை மாற்றி எழுதினால் அறிவியல் முறைப்படி அது பிழையாகாது. ‘அயலான்’ படத்தின் விருந்தினன் அதே வளிமத்தைக் கண்டு, கனிமத்தோடு நில்லாமல், அதனால் எரிந்த விளக்குகள் யாருடையவை என்று கேட்டிருந்தால் அப்படத்தின் இரண்டாம் பகுதி வேறாகியிருக்கும்.